வேலி ஆஃப் ஃபயர்: பகலோடு திரும்பிவிடாதீர்கள், ஒரு ராத்திரி தங்குங்கள்

கோத்தகிரியில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். போனில் விசாரிக்கிறவர்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "டென்ட் இருக்கா, கேம்ப் ஃபயர் உண்டா, ஸ்பீக்கர் நாங்களே கொண்டு வரலாமா" என்பதுதான். என்னிடம் டென்ட் கிடையாது, ராத்திரி பாட்டு போட விடுவதும் கிடையாது, அதனால் கைவிட்டுப் போன வாடிக்கை நிறைய. போன நவம்பரில் அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நெவாடா பாலைவனத்தில் வேலி ஆஃப் ஃபயர் என்ற மாநிலப் பூங்காவில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினோம். தொழில் இதுவாக இருப்பதால் பாறையைப் பார்த்த அளவுக்குக் குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி, பக்கத்து டென்ட் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் பக்கத்தில் பிள்ளைகளை கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

முதலில் இடம். லாஸ் வேகாஸிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர், 15ஆம் எண் நெடுஞ்சாலையில் 75ஆம் எக்ஸிட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும். மகன் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறான், விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி வழியில் இரண்டு இடத்தில் நின்று, மதியம் பன்னிரண்டு வாக்கில் போய்ச் சேர்ந்தோம். நெவாடாவின் முதல் மாநிலப் பூங்கா இது, 1934இல் திறந்தார்கள், பரப்பளவு 40,000 ஏக்கருக்கு மேல். பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வெளி மாநில வண்டி என்றால் 15 டாலர், இரவு தங்கத் தனிக் கட்டணம், இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் மாறும், போகும்முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகாஸிலிருந்து வருகிறவர்களில் நிறையப் பேர் காலை பத்து மணிக்கு வந்து, நாலு இடத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்து, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் போய் இறங்கியதும் அதே உச்சி வெயில் நேரத்தில்தான். அப்போது எனக்கு மனசில் ஒன்றுமே ஒட்டவில்லை. பாறை சிவப்பாக இருக்கிறது, சரி, சுற்றிலும் சாம்பல் நிற மலை, தரையில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புதர், அவ்வளவுதான். என் மனைவி காரை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம்கூட இல்லையே" என்றாள். இத்தனை தூரம் வந்தது வீணோ என்ற கவலை இரண்டு பேருக்கும் இருந்தது.

மூன்றரை மணிக்கு எல்லாம் மாற ஆரம்பித்தது. நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் நாலரைக்கே இறங்கிவிடும். வெயில் சாயச் சாய, அதுவரை ஒரே சிவப்பாகத் தெரிந்த பாறையில் ரோஸ், சந்தனம், மஞ்சள், கத்தரிப்பூ நிறம், நல்ல வெள்ளை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து மேலே வருகிறது. ஃபயர் வேவ் என்று ஒரு இடம் இருக்கிறது, போய் வர இரண்டரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், அங்கே வெள்ளையும் சிவப்பும் பட்டை பட்டையாக ஓடி, பாறையே அலை மாதிரி சுருண்டு நிற்கிறது. என் மனைவி அதன் மேல் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், "கண்டாங்கிச் சேலையைத் துவைச்சுக் காயப் போட்ட மாதிரி இருக்குங்க" என்று சொன்னாள், அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. 1920களில் யாரோ ஒருவர் பொழுது சாயும் நேரத்தில் இந்த வழியாகப் போய், பள்ளத்தாக்கே தீப்பிடித்து எரிகிறது என்று சொன்னதில்தான் இந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். அந்த நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்கள் நம்புவார்கள்.

கல் எப்படி இந்த நிறமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டு பார்த்தால் பார்க்கிற சுகமே வேறு. இது மணற்கல். 15 கோடி வருஷத்துக்கும் முன்னால், டைனோசர் காலத்தில், அந்த இடம் பூராவும் மணல் மேடு. காற்று அடித்துச் சேர்த்த மணல் ஒன்றன் மேல் ஒன்றாகப் புதைந்து கெட்டிப்பட்டு, பிறகு நிலம் உயர்ந்து உடைந்து, மழையும் காற்றும் அரித்து வெளியே கொண்டு வந்திருக்கின்றன. பாறையில் சாய்வாக ஓடுகிற கோடுகளெல்லாம் அந்தக் காலத்து மணல் மேட்டின் சரிவுகள். சிவப்புக்குக் காரணம் இரும்பு, துரு என்றே வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய பூச்சாக இருக்கிறது. நிலத்துக்கு அடியில் நீர் ஊறிப் போன வழியில் அந்த இரும்பு கரைந்து போன இடம் வெளுத்திருக்கிறது, வேறு விதமாகத் திரும்பப் படிந்த இடம் மஞ்சளும் ஊதாவுமாக நிற்கிறது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டோரம் வெட்டுப்பட்டுத் தெரிகிற செம்மண்ணுக்கும் நிறம் கொடுப்பது இதே இரும்புதான். நம் நீலகிரி மலையின் அடிப்பாறையான சார்னோகைட்டுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம், அந்த மணற்கல்லுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். ஆனால் நமக்கு மழை உண்டு, சோலையும் புல்லும் தேயிலையும் பாறையை மூடிவிட்டன. அங்கே வருஷம் முழுக்கப் பெய்தாலே நாலு அங்குலம்தான், நம் ஊரில் ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பிடித்தால் கொட்டுகிற தண்ணீர். மூடுவதற்கு ஒன்றும் இல்லாததால் பூமி தன் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் வெளியே விரித்துப் போட்டிருக்கிறது.

இனி கேம்ப் கிரவுண்ட். இரண்டு இருக்கின்றன, அட்லாட்டில் ராக் ஒன்று, ஆர்ச் ராக் ஒன்று, இரண்டும் சேர்த்து எழுபது இடத்துக்குச் சற்று மேல். ஆர்ச் ராக்கில் வசதி குறைவு. அட்லாட்டிலில் குளியலறையும் ஃப்ளஷ் கழிப்பறையும் இருக்கின்றன, ஆர்.வி. என்கிற வேன் வீடுகளோடு வருகிறவர்களுக்கு மின் இணைப்பும் உண்டு. எங்களோடு அறுபது தாண்டிய இரண்டு பேரும் ஆறு வயதுப் பேரனும் இருந்ததால் அட்லாட்டிலை எடுத்தோம், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அதையே எடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கூரை போட்ட மேஜை, கரி அடுப்பு, பக்கத்தில் குடிநீர்க் குழாய். கழிப்பறையை இரண்டு நாளில் நாலைந்து வேளை பார்த்தேன், ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இடங்களை அமைத்திருக்கிற விதம். வரிசையாகக் கட்டம் போட்டு ஒதுக்காமல், பாறை எங்கே மறைக்கிறதோ அதை அனுசரித்து ஒவ்வொரு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் டென்ட்டின் முதுகுப்பக்கம் இரண்டு மாடி உயரத்துக்குச் சிவப்புப் பாறை, உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குகை மாதிரி ஓட்டை, பேரன் அதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துவிட்டான்.

டென்ட் விஷயத்தில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மகன் ஊரிலேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்து வந்திருந்தான், பிரித்துப் பார்த்தால் ஒரு கம்பி வளைந்திருந்தது, தரையில் அடிக்கிற முளைகள் துணி காயப் போடுகிற கம்பி அளவுக்கு மெலிசு. அங்கே தரை சில இடத்தில் கருங்கல் மாதிரி இறுக்கம், சில இடத்தில் பொலபொலவென்று மணல், இரண்டிலுமே அந்த முளை நிற்கவில்லை. முதல் ராத்திரி பதினோரு மணிக்குக் காற்று பிடித்துக்கொண்டது. டென்ட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு என் மனைவியின் முகத்தில் வந்து அறைய, பேரன் எழுந்து "தாத்தா, பறக்கப் போறோமா" என்று கேட்க, மகன் வெளியே ஓடினான். "அப்பா, அந்தக் கயித்தை மேஜைக் காலோட சேர்த்துக் கட்டுங்க, நான் இந்தப் பக்கம் காரில் கட்டறேன்" என்றான், அப்படிக் கட்டித்தான் விடியும்வரை காப்பாற்றினோம். வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே விரித்துக் கட்டிப் பாருங்கள், தடித்த முளையும் ஒரு சுத்தியும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே காற்று எந்த மாதத்திலும் வரும்.

ஆனால் அந்தக் காற்று அரை மணி நேரத்தில் அடங்கியதும் வந்த அமைதிக்காக நான் எத்தனை கயிறு வேண்டுமானாலும் கட்டுவேன். நம் ஊரில் ராத்திரி என்றால் தவளையும் சில்வண்டும் கத்தும், எங்காவது கேளையாடு குரைக்கும், காட்டெருமை வேலியை உரசிக்கொண்டு போகும். அங்கே எதுவும் இல்லை. காது தன் சத்தத்தையே கேட்கிறது. ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில் கொயோட் என்கிற நரி இனம் ஒன்று ஊளையிட்டது, அதற்கு இன்னொன்று பதில் சொன்னது, பிறகு மறுபடியும் ஒன்றும் இல்லை. தென்மேற்கு வானத்தின் அடியில் மட்டும் வேகாஸ் நகரத்தின் வெளிச்சம் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் நட்சத்திரம். கார்த்திகை மாதம் அது, வீட்டில் இருந்திருந்தால் வாசலில் அகல் ஏற்றியிருப்போம். அந்தப் பெயருக்குரிய கார்த்திகைக் கூட்டத்தைத் தலைக்கு மேலே பேரனுக்குக் காட்டினேன். ஆறு என்று நான் சொன்னேன், அவன் ஏழு எண்ணினான்.

அப்போது கேம்ப் கிரவுண்டில் எப்படியும் ஐம்பது குடும்பம் இருந்திருக்கும். கரி அடுப்பிலும் அதற்கென்று வைத்த குழியிலும் நெருப்பு வைத்திருந்தார்கள், அதற்கு வெளியே யாரும் வைக்கவில்லை. கீழே கிடக்கிற விறகைப் பொறுக்கக்கூட அனுமதி இல்லை, காசு கொடுத்து வாங்கித்தான் கொண்டு வர வேண்டும். டிரோன் பறக்கவிடக் கூடாது. ஒரு வேன் வீட்டுக்காரர் மட்டும் சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டு எட்டு மணிவரை ஓட்டினார், அது எரிச்சலாகத்தான் இருந்தது, பிறகு நிறுத்திவிட்டார். ஐம்பது குடும்பம் இருக்கும் இடத்தில் கொயோட்டின் ஊளை கேட்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் டென்ட் போட்டு நடத்துகிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு முறை போய் அங்கே ராத்திரி உட்கார்ந்துவிட்டு வாருங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். பாட்டும் கலர் லைட்டும் இல்லாவிட்டால் ஆள் வராது என்று நாம் பயப்படுகிறோம். அங்கே வார நாளிலேயே இடம் நிரம்பியிருந்தது.

விடிகாலை ஆறரைக்குக் கொம்பாடுகள் வந்தன. பிக்ஹார்ன் என்கிற காட்டுச் செம்மறி, பாலைவனத்து வகை, ஏழு உருப்படி, அதில் கிடா ஒன்றுக்குக் கொம்பு முழு வட்டமாகச் சுருண்டிருந்தது. முக்கூர்த்திப் பக்கம் வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே நிதானம், குளம்பை வைத்துப் பார்த்துவிட்டு உடம்பைத் தூக்குகிற அதே முறை. மேஜையிலிருந்து முப்பதடி தள்ளி மேய்ந்துவிட்டுச் செங்குத்துப் பாறையில் ஏறிப் போயின. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. டீ என்றதும் ஞாபகம் வருகிறது, நம் ஊர்த் தூள்தான் கொண்டு போயிருந்தேன், அந்தக் குழாய்த் தண்ணீர் கடினமானது, அதில் போட்டால் நிறம் மங்கி மேலே ஆடை கட்டுகிறது. டீக்குத் தனியாக ஒரு கேன் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம்ப்பிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே அட்லாட்டில் பாறை இருக்கிறது. ஈட்டியை விசையோடு எறியப் பயன்படுத்திய கட்டைக்கு அட்லாட்டில் என்று பெயர், அந்த உருவம் உட்பட நிறைய உருவங்களை ஆதிக்குடிகள் பாறையில் கொத்தி வைத்திருக்கிறார்கள். சிலவற்றுக்கு வயது 2,000 வருஷத்துக்கு மேல். நெடுங்காலமாகப் பாறையின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு படிந்திருக்கிறது, அதைக் கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும், அதுதான் கோடு. செங்குத்தான இரும்புப் படிக்கட்டு கட்டி, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்தே பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் போதும். எனக்கு அங்கே நின்றபோது நம் கரிக்கையூர் ஞாபகம்தான். கோத்தகிரிக்குக் கீழே இருளர் ஊருக்குப் பக்கத்தில், சிவப்பிலும் வெள்ளையிலும் எவ்வளவு அருமையான பாறை ஓவியங்கள், பார்க்கப் போனவர்கள் அதன் மேலேயே தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டு வந்தார்கள். அந்தப் படிக்கட்டில் நின்று என் பேரனுக்கு அதைச் சொன்னேன். "யாரு தாத்தா எழுதினாங்க, நம்ம ஊர்க்காரங்களா" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மற்ற நடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மவுசஸ் டேங்க் என்பது சின்ன நடை, மணல் பாதை, இரண்டு பக்கப் பாறையிலும் கொத்து உருவங்கள், கடைசியில் மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு பாறைக் குழி. 1890களில் லிட்டில் மவுஸ் என்ற பையூட் பழங்குடி ஆள் ஒருவர் சட்டத்துக்கு மறைந்து அந்தப் பக்கம் பதுங்கியிருந்தாராம், அவர் பெயர்தான் குழிக்கு. வொயிட் டோம்ஸ் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சுற்று, நடுவில் இரண்டு கையையும் விரித்தால் இரு சுவரும் தொடுகிற மாதிரி ஒரு குறுகல் வருகிறது, குழந்தைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். 1930களில் வேலையில்லா இளைஞர்களைக் கொண்டு அரசாங்கம் கட்டிய கல் அறைகள் ஓரிடத்தில் இருக்கின்றன, அதே சிவப்புக் கல், வழிப்போக்கர்கள் தங்குவதற்காகக் கட்டியது, கட்டடம் கட்டுகிறவர்கள் அவசியம் பாருங்கள். எலிஃபன்ட் ராக் யானை மாதிரிதான் இருக்கிறது, ரோட்டோரத்தில், ஐந்து நிமிஷம் போதும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்ததும் பூங்காவை மூடிவிடுவார்கள், கேம்ப்பில் இடம் எடுத்தவர்கள் மட்டும் இருக்கலாம், அவர்களும் கேம்ப்புக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் ஃபயர் வேவில் கடைசி வெளிச்சம்வரை உட்காரலாம் என்று நினைத்தால் நடக்காது, நாங்கள் பாதியில் எழுந்து வந்தோம். மேலும் சாயங்காலம் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் கூட்டம் அதிகம், கார் நிறுத்த இடம் கிடைக்காமல் இருபது நிமிஷம் காத்திருந்தோம். இரண்டாம் நாள் காலை ஏழரைக்கே போனோம், நாங்கள் ஐந்து பேர்தான், வெயில் கீழ்ப்பக்கமிருந்து வரும்போது ரோஸ் நிறம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால் ஃபயர் வேவுக்குக் காலை, மாலைக்குக் கேம்ப் பாறையே போதும்.

வெயில் காலத்தில் தயவுசெய்து போகாதீர்கள். பள்ளி விடுமுறை என்று மே, ஜூனில் போகத் தோன்றும், அங்கே அப்போது 40 டிகிரிக்கு மேல் சர்வசாதாரணம், சில நாள் 49 வரைக்கும் ஏறும். பல நடைபாதைகளை அந்த மாதங்களில் மூடியே விடுகிறார்கள். 25 டிகிரிக்கே மின்விசிறி தேடுகிற நம் மலைக்காரர்களுக்கு அது ஆபத்து, வெறும் அசௌகரியம் என்று நினைக்க வேண்டாம். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை சரியான காலம். குளிர் காலத்திலும் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடுகிறது, தாகம் எடுக்காது, தலை மட்டும் வலிக்கும், என் மனைவிக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்று கணக்கு வைத்துக் குடித்துக்கொண்டே இருங்கள்.

உள்ளே சாப்பாட்டுக் கடை எதுவும் இல்லை, தகவல் மையத்தில் சின்னக் கடை ஒன்றுதான். பெட்ரோலும் மளிகையும் நெடுஞ்சாலை எக்ஸிட்டிலேயே கிடைக்கும், இல்லையென்றால் ஓவர்ட்டன் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். மருமகள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் புளியோதரையும் கட்டி வந்திருந்தாள், ஐஸ் பெட்டியில் தயிர், சின்ன கேஸ் அடுப்பில் ரவை உப்புமா, இரண்டு நாள் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. போன் சிக்னல் பெரும்பாலும் இல்லை. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது, ஃபயர் வேவ் போன்ற ஒரு இடத்துக்கு அவ்வளவு சின்ன பார்க்கிங் வைத்து, கேம்ப்காரர்களையும் சூரியன் மறையும் முன்னே எழுப்பி அனுப்புவதற்காக. வாரக்கடைசி வேண்டாம், செவ்வாய், புதன் பாருங்கள். ஒரு ராத்திரி கட்டாயம், முடிந்தால் இரண்டு. அப்புறம், ராத்திரி அங்கே ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், நமக்குப் பழகின குளிர்தான். ஸ்வெட்டரும் குல்லாவும் அங்கே போய் வாங்க வேண்டாம், வீட்டில் இருப்பதையே எடுத்துப் போங்கள்.